தேயிலை மலையில் நடக்கும்போது பறவைகளைக் கண்டுகொள்வதும் படமெடுப்பதும் எப்படி?

பனிமூட்டம் (தலவாக்கலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். வீட்டிலிருந்து பாடசாலைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் தூரம். தேயிலை மலைக்கு நடுவே செல்லும் குறுக்குப் பாதையில் நடந்துதான் போய்வருகிறேன். பல ஆண்டுகளாக அந்தப் பாதையில் நடந்தும், அங்கே என்ன உயிர்கள் இருக்கின்றன என்று நான் நின்று பார்த்ததில்லை. சென்ற மாதம் என்னுடன் நடந்து வந்த தரம் 6 மாணவி ஒருத்தி, கானுக்குள் (தோட்டத்து வடிகாலுக்குள்) ஓடும் தண்ணீரின் ஓரத்தில் வாலை விடாமல் ஆட்டிக்கொண்டு நின்ற மஞ்சள் வயிற்றுக் குருவி ஒன்றைக் காட்டி, "டீச்சர், இது எங்க ஊர்க் குருவியா, வந்த குருவியா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அண்ணன் பயன்படுத்திய பழைய ஜூம் கமரா ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் ஒரு மாதமாக நடந்தும் காகம், மைனா, மணிப்புறா தவிர வேறெதையும் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. சத்தம் கேட்கிறது, பறவை தெரிவதில்லை. தெரிந்தாலும் நான் கமராவைத் தூக்குவதற்குள் பறந்துவிடுகிறது. எடுத்த படங்களிலோ வெள்ளைப் பனிக்கு முன்னால் ஒரு கரிய உருவம் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் என்னுடன் வர விரும்புகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எவற்றில் கவனமாக இருப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவளாவேன்.

ஈரக்காடு (நுவரெலியா) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது வந்த குருவி. சாம்பல் நிற முதுகும் மஞ்சள் வயிறும் நீண்ட வாலும் கொண்டு, ஓடும் தண்ணீரின் ஓரத்தை விட்டு விலகாமல் திரியும் அந்தப் பறவைக்குச் சாம்பல் வாலாட்டி என்று பெயர். இமயமலைப் பகுதியிலும் அதற்கு வடக்கேயுள்ள நாடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டெம்பர் அளவில் நமது மலைகளுக்கு வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிப் போய்விடும். இவ்வளவு சிறிய பறவை அத்தனை தூரம் பறந்து உங்கள் தோட்டத்துக் கானைத் தேடி வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு ஒரு தேசப்படத்தை விரித்து வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

உங்களுக்குப் பறவைகள் தென்படாமைக்கு முக்கிய காரணம், நீங்கள் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நடப்பதுதான் என்று நினைக்கிறேன். ஒரே செடி நிறைந்து கிடக்கும் சரிவில் உண்பதற்கும் கூடு கட்டுவதற்கும் அதிகம் கிடைப்பதில்லை என்பதால், பறவைகள் பெரும்பாலும் அதன் ஓரங்களில்தான் இருக்கும். மலைக்கு இடையே ஓடையோடு இறங்கும் மரம் அடர்ந்த பள்ளம், லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) பின்னாலுள்ள மரக்கறித் தோட்டம், பூத்து நிற்கும் முள்முருங்கை, காற்றுத் தடுப்புக்காக வரிசையாக நட்ட சவுக்கு மரங்கள், பட்டுப்போன ஒற்றைக் கிளை ஆகியவற்றை உங்கள் பாதையில் தேடிப் பாருங்கள். அவற்றுள் மூன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நீங்கள் வந்து நின்றவுடன் அங்கிருந்த பறவைகள் அடங்கிவிடும். அவை உங்களை மறந்து மீண்டும் இரை தேடத் தொடங்குவதற்கு நான்கைந்து நிமிடமாவது ஆகும். நடந்துகொண்டே பார்ப்பவர்களுக்கு அந்த ஐந்தாவது நிமிடம் வாய்ப்பதே இல்லை.

நிற்கும்போது பறவையைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். ஒரு கிளையை மட்டும் உற்றுப் பார்க்காமல் மரம் முழுவதையும் ஒருங்கே பார்வைக்குள் வைத்துக்கொண்டால், காற்றில் ஆடும் இலைக்கும் குருவி மிதித்து ஆடும் இலைக்கும் உள்ள வேறுபாடு சில நாட்களில் கண்ணுக்குப் பழகிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது மலைக்காடுகளில் சிறு பறவைகள் பல இனங்களாகச் சேர்ந்து ஒரே கூட்டமாக இரை தேடிச் செல்லும் வழக்கம் உண்டு. அரை மணி நேரம் ஒன்றுமே இல்லாதிருந்த மரத்தில் திடீரென்று வெள்ளைக்கண்ணிகளும், பட்டாணிக் குருவியும், மரத்தண்டில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பானும், சாம்பல்தலை ஈப்பிடிப்பானும் ஒன்றாக வந்து நிறைந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். ஆகவே ஒரு வெள்ளைக்கண்ணியைக் கண்டவுடன் திருப்தியடைந்து நகர்ந்துவிடாமல், பின்னால் வருவது என்ன என்று காத்திருங்கள்.

அடுத்தது காது. எல்லாச் சத்தங்களையும் ஒரே நேரத்தில் கற்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். ஒரு வாரத்துக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டு, சத்தம் வரும் திசையில் பறவையைக் கண்ணால் காணும் வரை பொறுமையாகத் தேடி உறுதி செய்யுங்கள். குக்குறுவான் இலைக்குள் ஒளிந்திருந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறும். குண்டுக்கரிச்சான் விடியலில் உயரமான இடத்தில் அமர்ந்து மாறி மாறிப் பாடும். தையல்சிட்டு உடம்புக்குப் பொருந்தாத உரத்த குரலில் வேலிக்குள்ளிருந்து கத்தும். இந்த மூன்றும் தெரிந்தாலே காலைநேரச் சத்தத்தில் பெரும்பகுதி பிரிந்துவிடும். ஆறுமணிக்குருவி என்னும் வண்ணமயமான பறவையும் குளிர்காலத்தில் இங்கே வருகிறது. விடியலிலும் மாலையிலும் அது இரண்டு சுரங்களில் விசிலடிக்கும் வழக்கத்தால்தான் அந்தப் பெயர் வந்தது.

குறிப்பேடு கட்டாயம் வேண்டும். புத்தகத்தையோ செயலியையோ திறப்பதற்கு முன் நீங்கள் கண்டதை எழுதுங்கள். சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காகம் அளவா? அலகு மெல்லியதா, தடித்ததா? தரையில் நடந்ததா, தத்தியதா? பெயரை முதலில் தேடினால், பெயருக்கேற்றபடி நினைவு மாறிவிடும். தொடக்கத்தில் நான் இப்படித்தான் தவறினேன். தேயிலைச் செடியின் நுனியில் உட்காரும் கறுப்பு நிறக் குருவி ஒன்றையும் மண்ணிறக் குருவி ஒன்றையும் இரண்டு இனங்கள் என்று ஓராண்டு காலம் எழுதி வந்தேன். இரண்டும் புதர்ச்சிட்டின் ஆணும் பெண்ணுமே. இறகில் வெள்ளைப் பட்டையுள்ள கறுப்பு ஆணும் செம்பழுப்பு இடுப்புள்ள மண்ணிறப் பெண்ணும் ஒரே செடியை மாறி மாறிப் பயன்படுத்துவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இலங்கையில் மலைநாட்டில் மட்டுமே வாழும் பறவை அது. உங்கள் பாதையில் நிச்சயம் இருக்கும், அதிலிருந்தே தொடங்கலாம்.

உங்கள் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை பெய்வதால், ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலைகளே மிக நல்லவை. காலை ஆறு மணி முதல் எட்டரை வரை பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். பழகிய பின் ஒருநாள் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். காஷ்மீரில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் நமது மலைகளுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானைக் காண்பதற்காகவே வெளிநாட்டினர் அங்கே வருகிறார்கள். ஹக்கலைப் பூங்காவில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி மனிதர்களுக்கு அஞ்சாமல் அருகில் வரும். ஆனால் அவை இரண்டாம் கட்டம். உங்கள் இரண்டரைக் கிலோமீற்றரை நூறு முறை நடந்த பின்னர் அங்கே போனால்தான் புதியது எது என்று உங்கள் கண் சொல்லும்.

ஊவாக்காற்று (பண்டாரவளை) எழுதியது:

முந்தைய பதிலில் சொல்லப்பட்டவை அனைத்தையும் நான் ஏற்கிறேன். படமெடுப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கரிய உருவமாகப் படம் விழுவது கமராவின் பழுது அன்று. வெள்ளைப் பனியும் வெளிறிய வானமும் சட்டத்தை நிரப்பும்போது, கமரா வெளிச்சம் அதிகம் என்று கணித்துக்கொண்டு படத்தை இருட்டாக்கிவிடுகிறது. கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தான் ஒன்று உங்கள் கமராவிலும் இருக்கும். பனிக்காலையிலும், வானத்தைப் பின்னணியாகக் கொண்ட பறவைக்கும் அதைக் கூட்டல் ஒன்று அல்லது அதற்குச் சற்று மேலாக வையுங்கள். வெயில் ஏறியதும் மறக்காமல் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கை நடுக்கமும் குறைந்த ஷட்டர் வேகமும்தான். அமர்ந்திருக்கும் சிறு பறவைக்கு 1/500 செக்கனாவது வேண்டும், பறப்பதற்கு 1/1600 அளவு தேவை. நமது பள்ளங்களின் இருட்டில் அந்த வேகம் கிடைக்க வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. அளவை, அதாவது கமரா ஒளியை உணரும் அளவை, 800 அல்லது 1600 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தில் பறவையை அடையாளம் காணலாம், கலங்கிய படத்தில் காண முடியாது. கமராவை மதிற்சுவரிலோ வேலிக் கம்பத்திலோ அழுத்தி வைத்து, மூச்சை விட்ட பின் பொத்தானை மெதுவாக அழுத்துங்கள். கமரா தெளிவைப் பிடிக்கும் குவியம் படச்சட்டம் முழுவதும் பரவியிருந்தால் கமரா முன்னாலுள்ள இலையைத்தான் பிடிக்கும். ஆகவே நடுவிலுள்ள ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து அதைப் பறவையின் கண்ணில் வையுங்கள்.

ஜூமை முழுவதும் நீட்டுவதே பலரும் செய்யும் தவறு. தூரம் கூடக் கூட இடையிலுள்ள பனியும் கூடுகிறது. எந்த வில்லையாலும் அதை ஊடுருவ முடியாது. அருகில் போவதுதான் வழி. நேராகப் பறவையை நோக்கி நடக்காமல், வேறெங்கோ போவதுபோல் சாய்ந்து சாய்ந்து நடந்து, நான்கு அடிக்கு ஒருமுறை நின்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு படம் எடுங்கள். பறவை இரை எடுப்பதை நிறுத்திக் கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்தால் அதற்கு மேல் ஓரடியும் வைக்கக்கூடாது. அது பறந்து போகாமல் நீங்கள் திரும்பி வந்தால், மறுநாளும் அதே கிளையில் அது இருக்கும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு என்பதையும் கவனியுங்கள். அவர்கள் மர உச்சியிலுள்ள பறவையை அண்ணாந்து வயிற்றுப் பக்கமாகவே படமெடுக்க வேண்டியிருக்கிறது. நமது பாதைகள் சரிவின் மேலே போவதால், பள்ளத்திலிருந்து எழும் மரத்தின் உச்சி நம் கண் மட்டத்தில் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு வளைவைக் கண்டுபிடித்து, காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அங்கேயே காத்திருங்கள். என்னுடைய நல்ல படங்களில் பாதிக்கு மேல் ஒரே வளைவில் எடுத்தவை.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஒரு மழைக்காலம் முழுவதும் வில்லையைத் தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைப்பதே பாதுகாப்பானது. குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் நுழைந்தால் பையை உடனே திறக்காதீர்கள். அரை மணி நேரம் மூடியபடி விட்டால் கண்ணாடியில் நீர் படியாது.

கைத்தொலைபேசியையும் குறைவாக எண்ண வேண்டாம். பறவைக்கு அது போதாது. ஆனால் வேலியில் வெயில் காயும் ஓணான், சிலந்தி, வண்ணத்துப்பூச்சி, மழைக்குப் பின் இலையில் ஒட்டியிருக்கும் மரத்தவளை ஆகியவற்றுக்கு அதுவே நல்ல கருவி. பிள்ளைகளுக்கு அந்தப் பகுதியைக் கொடுத்துவிடலாம்.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா) எழுதியது:

டீச்சர், வணக்கம். என் அம்மா முப்பது வருடத்துக்கும் மேலாக மலையில் கொழுந்து எடுத்தவர். நானும் தோட்டத்திலேயே வளர்ந்தவள் என்பதால், பிள்ளைகளை அழைத்துப் போகும் முன் நீங்கள் அறிய வேண்டிய சிலவற்றை எழுதுகிறேன்.

சிறுத்தையைவிடக் குளவிக்கே நாங்கள் அதிகம் அஞ்சுவோம். நாம் குளவி என்று சொல்வது பல வேளைகளில் உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீதான். தேன்பருந்து என்னும் பறவை இந்த அடைகளிலும் குளவிக் கூடுகளிலும் உள்ள புழுக்களைத் தின்பதற்காக அவற்றைக் கலைக்கும்போது, கீழே வேலை செய்பவர்கள் கொட்டு வாங்குகிறார்கள். ஆகவே பெரிய மரத்தடியில் பிள்ளைகளை நிறுத்துவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். பருந்து வட்டமிடுவதைப் படமெடுக்க ஆசை வந்தாலும், அடை தொங்கும் மரத்துக்கு அருகில் நிற்க வேண்டாம். எந்த மலையில் அடை இருக்கிறது என்பது அன்றைக்குக் கொழுந்து எடுக்கும் அக்காமாருக்குத் தெரிந்திருக்கும், போகும் வழியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சிறுத்தைகள் தேயிலை மலைகளில் மறைந்து நடமாடுவது உண்மை. பெரும்பாலும் இரவிலும் மங்கிய வெளிச்சத்திலும் திரிவதால், நன்றாக விடிந்த பின் பேசிக்கொண்டு போகும் கூட்டத்துக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் அவற்றுக்கு நம்மால் வரும் ஆபத்து பெரியது. காட்டுப்பன்றிக்கென்று மரக்கறித் தோட்டங்களின் ஓரத்தில் வைக்கும் கம்பிக் கண்ணிகளில் சிறுத்தைகள் சிக்கி இறக்கின்றன. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் சிக்கி, சிகிச்சை அளித்தும் இறந்துபோனது. எங்கள் பகுதியிலிருந்து அது சிறிது தூரந்தான். அன்று நாங்கள் எல்லோரும் பட்ட வேதனையை இன்னும் மறக்கவில்லை. நடக்கும்போது கண்ணியைக் கண்டால் தொடாமல் படமெடுத்து, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். சிறுத்தையின் காலடித் தடத்தையோ பறவையின் கூட்டையோ படமெடுத்தால், இடத்தின் பெயரைப் பொதுவில் வெளியிட வேண்டாம்.

கூடு விடயத்தில் பிள்ளைகளிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் தேயிலைச் செடிக்குள்ளும் வேலிக்குள்ளும் தாழ்வாகக் கூடு கட்டும். படம் தெளிவாக விழுவதற்காக ஓர் இலையை விலக்கினாலும், மரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் காகத்துக்கு நாமே வழிகாட்டியவர்களாகிறோம். தொலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டது என்று நம்பி, இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது வீணாக அலைகிறது. குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்துப் படமெடுப்பதும் அப்படியே. அதன் விளைவை லயத்தில் இருப்பவர்கள்தான் அனுபவிக்கிறார்கள்.

பெயர்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். இலங்கைக்கு மட்டுமே உரிய 30க்கும் மேற்பட்ட பறவையினங்களில் பல, நமது மலைகளில் மட்டுமே வாழ்கின்றன. இருண்ட ஓடைப் பள்ளங்களில் விடியலிலும் அந்தியிலும் கூவும் சீழ்க்கைப் பூங்குருவி அவற்றுள் ஒன்று. அதன் விஞ்ஞானப் பெயர் இங்கே கோப்பித் தோட்டம் செய்த பிளை என்ற துரையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே பள்ளங்களின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த நம்மவர்கள் பறவைகளுக்கு வைத்த பெயர்களோ எழுதப்படாமல் அவர்களோடு போய்விடுகின்றன. தமிழ்நாட்டுப் புத்தகங்களிலுள்ள பெயர்களைக் கற்பியுங்கள். அதோடு, பிள்ளைகள் தங்கள் பாட்டி தாத்தாவிடம் படத்தைக் காட்டி, "இதுக்கு நம்ம தோட்டத்துல என்ன பேரு?" என்று கேட்டு எழுதி வரட்டும். குறிப்பேட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஒரே நேரத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் அழைத்துப் போகாதீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், அட்டைக்கடிக்குச் சவர்க்காரமோ உப்போ எடுத்துச் செல்வதும் நல்லது.

பனிமூட்டம் (தலவாக்கலை) எழுதியது:

ஆறு வாரத்துக்குப் பின் எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். பாடசாலைக்கு இறங்கும் வழியில் ஓடைப் பள்ளம், பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்திலுள்ள முள்முருங்கை, பழைய லயத்தின் பின்புறம் என மூன்று இடங்களைத் தேர்ந்தோம். இதுவரை 22 இனங்களைப் பட்டியலிட்டிருக்கிறோம். புதர்ச்சிட்டின் ஆணையும் பெண்ணையும் ஒரே படத்தில் எடுத்துவிட்டேன். லயத்து இறவாணத்தில் மண்ணால் கூடு கட்டும் பறவையைத் தகைவிலான் என்று நாங்கள் எழுதினோம். ஒரு மாணவியின் பாட்டி அதை "மழைக்குருவி" என்று சொன்னாராம், அதையும் குறித்துக்கொண்டோம்.

ஈரக்காடு ஐயாவிடம் ஒரு சந்தேகம். ஓடைப் பள்ளத்தின் ஓரத்தில், சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிதாக, உடல் முழுதும் சாம்பல் கலந்த நீலமாக, நெற்றியில் மட்டும் பளிச்சென்ற நீலத்துடன் ஒரு பறவை தாழ்ந்த கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அலகுக்கும் கண்ணுக்கும் இடையே கறுப்பு, வயிறு வெளுப்பு. பறந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அருகிலுள்ள கிளைக்கே திரும்பியது. நெஞ்சில் செம்மஞ்சள் நிறம் துளியும் இல்லை. படம் கொஞ்சம் மங்கல்தான் என்றாலும் நெற்றி தெளிவாகத் தெரிகிறது. இது எது?

ஈரக்காடு (நுவரெலியா) எழுதியது:

நெஞ்சில் செம்மஞ்சள் இல்லை என்பதை நீங்கள் எழுதி வைத்திருப்பதே விடையைத் தந்துவிடுகிறது. தாழ்ந்த பகுதிகளில் அதிகம் காணப்படும் நீல ஈப்பிடிப்பானுக்கு நெஞ்சு செம்மஞ்சளாக இருக்கும். நீங்கள் கண்டது மங்கல்நீல ஈப்பிடிப்பான். இலங்கையின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே தோற்றம் கொண்டவை. அதே பள்ளத்தில் உடம்பெல்லாம் புள்ளி தெறித்த பறவை ஒன்றைக் கண்டால் வேறினம் என்று எண்ணிவிடாதீர்கள், அது இதன் குஞ்சாக இருக்கலாம். கண்டால் தூரத்திலிருந்தே எடுங்கள், கூடு அருகில் இருக்கக்கூடும்.

இன்னொரு வேலையையும் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். கானில் நிற்கும் வாலாட்டி இன்னும் சில வாரங்களில் புறப்பட்டுவிடும். அதைக் கடைசியாகக் கண்ட திகதியைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஓகஸ்ட் முடிந்ததும் நாள்தோறும் ஒருவர் அந்தக் கானைப் பார்த்து வந்தால், அது திரும்பி வரும் முதல் நாளும் உங்களிடம் இருக்கும்.